டிரெட்மில்லா, ஜிம்மா: ஒரே வீட்டில் இருவருக்கு இரண்டு விடைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 42. நாகர்கோவிலில் அலுவலக வேலை, தினமும் பைக்கில் போய்வருகிறார். மனைவிக்கு வயது 38. மாலையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மனைவியின் எச்.பி.ஏ.1சி (கடந்த சுமார் மூன்று மாதத்தின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்திருக்கிறது. கணவரின் தாயாரும் அவர்களுடன்தான் இருக்கிறார். உடற்பயிற்சிக்கென்று ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு டிரெட்மில் வாங்கி வீட்டில் போட்டால் எல்லோருக்கும் பயன்படுமா, அல்லது இருவரும் நாகர்கோவிலில் ஒரு ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்வது நல்லதா என்பது கேள்வி.

நான் உடற்கல்வி ஆசிரியராக நீண்ட காலம் பணியாற்றியவன். இடையில் சில ஆண்டுகள் ஒரு சிறிய உடற்பயிற்சிக்கூடத்தையும் நடத்தினேன். ஆகவே இரு பக்கத்தையும் ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவர் மூன்று மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி ஜிம்மில் சேரலாம். மனைவிக்கு வீட்டிலேயே, பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் சில கருவிகள் போதும். டிரெட்மில் இப்போது வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு முடிவு என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் இருவருடைய நாளும் வேறு, உடலின் தேவையும் வேறு என்பதால் விடையும் இரண்டாகத்தான் இருக்க முடியும்.

முதலில் தேவையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதில் முதல் பாதியை மட்டுமே காதில் வாங்கிக்கொள்கிறோம். “தினமும் நடக்கிறேன்” என்று சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். “வாரம் இரண்டு நாள் எடை தூக்குகிறேன்” என்று நாற்பது வயதுக்கு மேல் சொல்பவரை, அதிலும் பெண்களில், நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். உணவு உண்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். முப்பது வயதுக்குப் பிறகு பயிற்சி இல்லாத உடலில் தசை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகிறது. எச்.பி.ஏ.1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உங்கள் மனைவி அந்த எல்லைக்குள் இருப்பதால் நடையும் வேண்டும், தசைப் பயிற்சியும் வேண்டும். டிரெட்மில் இதில் முதலாவதை மட்டுமே தரும்.

அந்த முதலாவதைப் பெறுவதற்குக் கருவியே தேவையில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சில குழுக்களாகப் பிரித்துத் தொடர்ந்து கவனித்தார்கள். உணவு ஒழுங்கையும் தினமும் அரை மணி நேர வேக நடையையும் கடைப்பிடிக்கச் சொன்ன குழுவில், நோயாக மாறும் வாய்ப்பு, இவை எதுவும் தரப்படாத ஒப்பீட்டுக் குழுவைவிட 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. மாத்திரை மட்டும் தரப்பட்ட குழுவுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த அரை மணி நேரத்துக்கு யாரும் இயந்திரம் வாங்கிக் கொடுக்கவில்லை.

தக்கலைக்காரர்களுக்கு நடக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கும் தெருக்களில் காலை ஆறு மணிக்கு வண்டி நெரிசல் இல்லாமல் நடக்கலாம். கொஞ்சம் ஏற்றமும் வேண்டும் என்றால் குமாரகோவில் பக்கம் போகலாம். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் நடக்க வேண்டாம். விடியற்காலை இருட்டில் அந்தச் சாலை பாதுகாப்பானதல்ல. இரவு உணவுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டு முற்றத்தில் நடப்பதுகூட, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்க உதவும். மனைவிக்கு நான் முதலில் சொல்வது அந்த நடையைத்தான்.

“மழைக்காலத்தில் என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. டிரெட்மில் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே மழையும் ஈரக்காற்றும்தான் இந்த ஊரில் டிரெட்மில்லின் ஆயுளைக் குறைக்கின்றன.

கடியப்பட்டணத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில், வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒரு டிரெட்மில்லைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். மேலே தூசியில்லாமல் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். மோட்டார் மூடியின் ஆறு திருகுகளில் நான்கு, ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பியதும் தலை மழுங்கிவிட்டன, அவ்வளவு துரு. மூடியைக் கழற்றியபோது சர்க்யூட் போர்டின் ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கீழே எறும்பு கட்டிய மண்ணும் ஒரு பல்லியின் உலர்ந்த உடலும் கிடந்தன. பெல்ட்டைத் தூக்கிக் கை விட்டுத் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டியது. பெல்ட்டுக்குப் போடும் சிலிக்கோன் எண்ணெய் தீர்ந்துபோய், வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட நாள்படப் பிசினாகிவிடும். பெல்ட் இழுபட்டு, மோட்டார் அளவுக்கு மீறி உழைத்து, கடைசியில் போர்டு போய்விட்டது. விற்ற நிறுவனத்துக்கு இங்கே சர்வீஸ் ஆள் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. போர்டுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு, அந்தக் குடும்பம் அதை அப்படியே மூடிப் போட்டுவிட்டது. உங்கள் வீடு கடற்கரையில் இல்லைதான். ஆனால் தக்கலையிலிருந்து குளச்சல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் உப்புக்காற்று எட்டாத இடம் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகும் என்றாவது வாங்க நேர்ந்தால், நான்கைந்து விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் மோட்டாரின் குதிரைத்திறனை “5 எச்.பி.” என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது ஒரு நொடிக்கு எட்டக்கூடிய உச்சத் திறன். ஒரு எச்.பி. என்பது ஏறத்தாழ 746 வாட் என்றால் ஐந்து எச்.பி.க்கு 3,730 வாட் வேண்டும். நம் வீட்டில் ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பிளக்கே 230 வோல்ட்டில் 3,680 வாட்தான் தரும். அப்படியிருக்க அந்த மோட்டார் தொடர்ந்து ஐந்து எச்.பி.யில் ஓடப்போவதில்லை என்பதை நீங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொடர் திறன் எவ்வளவு என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். பெல்ட்டின் அகலத்தையும் நீளத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நடக்க 40 சென்டிமீட்டர் அகலம் போதும், ஓட வேண்டுமென்றால் 50 தேவை. தாங்கும் எடை என்று குறிப்பிட்டிருப்பதைவிட உங்கள் எடை இருபது கிலோவாவது குறைவாக இருக்கட்டும். பின்பக்கம் இரண்டு மீட்டர் இடம் காலியாக வேண்டும். சுவரில் முதுகு தட்டுவதுபோல் போட்டால், தடுமாறி விழுபவர் ஓடும் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொள்வார். டியூஷனுக்குப் பிள்ளைகள் வரும் வீடு என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஓடும் பெல்ட்டில் குழந்தையின் விரல் பட்டால் தோல் உரிந்துவிடும், பாதுகாப்புச் சாவியை (அது இல்லாமல் இயந்திரம் ஓடாது) கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஏப்ரல், மே மாதக் கோடை இடியின்போதும் ஐப்பசி இடியின்போதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நடைக்கு அது பெரிதாக ஏறாது.

இனி ஜிம். கணவருக்கு நான் ஜிம்மைச் சொல்வதன் முதல் காரணம், எடைப் பயிற்சியில் சில அசைவுகளை ஒருவர் அருகில் நின்று திருத்தித்தான் கற்க முடியும் என்பது. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இதைப் படிக்கும்போதே செய்து பார்க்கலாம். ஒரு நீளக் கழியை, தும்புக்கட்டையின் பிடி என்றாலும் சரி, முதுகோடு நிமிர்த்து வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவிலுள்ள முதுகு, இடுப்புக்குக் கீழ் வால் எலும்பு ஆகிய மூன்றும் கழியைத் தொட வேண்டும். இப்போது முழங்காலைச் சற்றே தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு முன்பக்கம் குனியுங்கள். நாற்காலியில் பத்து ஆண்டு உட்கார்ந்து வேலை பார்த்த பெரும்பாலோருக்குப் பாதி தூரம் குனிவதற்குள்ளேயே முதுகு வளைந்து, வால் எலும்பு கழியை விட்டு விலகிவிடும். விலகியது அவர்களுக்கே தெரியாது. இந்தக் குனிதலில் முதுகு நேராக நிற்கக் கற்றுக்கொண்டவர் அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தூக்குவார். கற்காதவர் கையில் ஐம்பது கிலோ எடைக்கம்பியைக் கொடுத்தால் கெடுதல்தான். வீடியோவைப் பார்த்துச் செய்யலாமே என்பார்கள். நம் முதுகு வளைவதை வீடியோ பார்த்துச் சொல்லாது.

இந்தக் குனிதல், உட்கார்ந்து எழுதல், தள்ளுதல், இழுத்தல், எடையைத் தலைக்கு மேல் உயர்த்துதல் என்ற ஐந்தையும் கவனமாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரிடம் மூன்று மாதம் கற்றால் போதும். அதற்குப் பின் தொடர்வதா, வீட்டுக்கு மாறுவதா என்று தீர்மானிக்கலாம். ஆண்டுச் சந்தா கட்டினால் மாதக் கணக்கில் பாதியாகிறதே என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படிச் சொல்லிச் சந்தா வாங்கியவன்தான். இன்று அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். எழுபது டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு ஐந்து முறைகூட வரவில்லை. ஒரு வருகைக்கு அவர்களுக்கு விழுந்த செலவு 17 டாலருக்கும் மேல். அதே இடத்தில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலர்தான் ஆகியிருக்கும். சேரும் நாளில் நாம் எத்தனை நாள் வருவோம் என்று நினைக்கிறோமோ அத்தனை நாள் வருவதில்லை. இதில் ஊர் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வருகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வழிதான். உங்கள் அலுவலகம் நாகர்கோவிலில். வீட்டுக்குத் திரும்பும் வழி பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி. ஜிம் இந்த வழியில் எங்கேனும் இருக்க வேண்டும். கோட்டாறு பக்கத்தில் எவ்வளவு நல்ல ஜிம் இருந்தாலும், வீட்டுக்கு எதிர்த்திசையில் போய்த் திரும்பும் வேலை ஒரு மாதத்துக்கு மேல் நடக்காது. முதலில் தக்கலைக்கு வந்து சட்டை மாற்றி, ஒரு காபி குடித்து, பிறகு போகலாம் என்ற திட்டமும் வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் திரும்பக் கிளம்ப மனம் வராது. பயிற்சிக்கான உடுப்பும் ஷூவும் பைக்கின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

சேருமுன், நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில், மாலை ஆறு, ஆறரை மணிக்கு, ஒருமுறை உள்ளே போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். புதிதாக வந்தவரின் அருகில் பயிற்சியாளர் நிற்கிறாரா, அல்லது மேசையில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்கிறாரா என்பது அந்த அரை மணியில் தெரிந்துவிடும். எடைக்கம்பியைக் கையில் பிடித்துப் பாருங்கள். சிவப்புத் தூள் உள்ளங்கையில் ஒட்டினால் பராமரிப்பு எப்படி என்று கேட்கவே வேண்டாம். காய்ச்சலோ ஊர்ப் பயணமோ வந்தால் சந்தாவை நிறுத்தி வைத்து நாளை நீட்டித் தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பழைய வரியைப் போட்டு ரசீது தந்தால் கேளுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாளையும் நெத்திலியும் முட்டையும் சிறுபயறும் கிடைக்கும் ஊரில், உங்கள் வயதில், உங்கள் வேலையில் அதற்கு அவசியமில்லை. பெயர் தெரியாத ஊசியையோ மாத்திரையையோ பற்றி யாராவது பேசினால் அந்த இடத்துக்கே மறுபடி போக வேண்டாம்.

மனைவியின் நாள் வேறு மாதிரியானது. காலையில் சமையலும் பிள்ளைகளை அனுப்புவதும், மாலையில் டியூஷனும், இடையில் மாமியாரின் மருந்து நேரமும் என்று நாள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நாகர்கோவில் போய்வரவே ஒன்றரை மணி நேரம் வேண்டும். அது அவரிடம் ஒரே துண்டாக இல்லை. பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் ஜிம்களிலும் அது பெரும்பாலும் முற்பகலாகவோ பிற்பகலாகவோ இருக்கும், அதாவது டியூஷனுக்கும் சமையலுக்கும் இடையில் அவர் சற்று உட்காரும் நேரமாக. அவருக்குப் பதினைந்து இருபது நிமிடத் துண்டுகளில் செய்யக்கூடிய பயிற்சியே ஒத்துவரும்.

துண்டு துண்டாகச் செய்தால் பலன் உண்டா என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஜான் ஜேக்கிசிச் என்பவரும் அவருடைய குழுவினரும் உடல் பருமன் கொண்ட 148 பெண்களை 18 மாதம் கவனித்து 1999-இல் வெளியிட்டார்கள். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்களில், வீட்டில் டிரெட்மில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 7.4 கிலோ குறைந்தார்கள், கொடுக்கப்படாதவர்கள் 3.7 கிலோ. இது என் பேச்சுக்கு எதிராகவும் டிரெட்மில்லுக்கு ஆதரவாகவும் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பயிற்சி கூடுகிறது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்தப் பெண்களுக்குத் தொடர்ந்து குழு வகுப்புகளும் உணவு ஆலோசனையும் நடந்தன, கருவியும் இலவசம். உங்கள் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டிய கருவி எது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். அவருக்கு இல்லாதது தசைப் பயிற்சி. ஆகவே டம்பெல் ஜோடியே அந்த இடத்தைப் பிடிக்கட்டும். ஆறு மாதம் முற்றத்து நடையையும் காலை நடையையும் விடாமல் செய்து, மழை மட்டுமே தடை என்று அவரே சொன்னால், அப்போது மீதிப் பணத்தில் டிரெட்மில் வாங்கலாம். அதற்குள் பழக்கம் வேர் பிடித்திருக்கும்.

வாங்க வேண்டியவை குறைவு. எடை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி, எல்லாம் சேர்த்து இருபது கிலோ. மூன்று இழுவிசை கொண்ட ரப்பர் பேண்டுகள். ஒரு தடித்த ரப்பர் பாய். டம்பெல் வட்டுகளில் ஓர் எச்சரிக்கை: மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. வட்டுகளுக்குள் சிமென்ட்டை நிரப்பியிருப்பார்கள்; ஓரிரு முறை தரையில் இடித்தால் ஓரம் பிளந்து சிமென்ட் கொட்டும். வார்ப்பிரும்பு வட்டு அல்லது ரப்பர் உறை போட்ட இரும்பு வட்டு வாங்குங்கள். மரையில் மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் தடவித் துடைத்தால் நட்டு இறுகிப்போகாது. பேண்டைப் பற்றி நம் மாவட்டத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. ரப்பர் ஷீட் வெயிலில் கிடந்தால் எப்படிக் கெட்டுப்போகும் என்று, ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இந்தப் பேண்டுகள் பெரும்பாலும் அதே ரப்பர் பாலில் செய்தவைதான். ஜன்னல் கம்பியில் தொங்கவிடாமல் பவுடர் தூவி அலமாரியில் வையுங்கள், விரிசல் கண்டால் உடனே மாற்றுங்கள்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு அசைவையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டப்பட்டு முடிய வேண்டும். சுலபமாக முடிந்தால் எடையைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெண்கள் இரண்டு கிலோவிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவதை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குபவருக்கு இரண்டு கிலோ எந்த மூலைக்கு? ஜிம்மில் கற்ற ஐந்து அசைவுகளையும் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கழியை வைத்து முதுகைப் பார்க்க இன்னொருவர் வேண்டும் என்ற சிக்கலும் அதில் தீர்ந்துவிடும். தொடங்குமுன் எச்.பி.ஏ.1சி பார்த்த மருத்துவரிடம் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அதை வாயுப் பிடிப்பு என்று ஒதுக்கிவிட்டுத் தொடரக் கூடாது.

தாயாரைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் டிரெட்மில் “எல்லோருக்கும்” என்று எழுதியதில் அவரும் அடங்குவார் என்பதால் சொல்கிறேன். வயதானவரை ஓடும் பெல்ட்டின் மேல் ஏற்ற வேண்டாம். அவருக்கு இருபுறமும் கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி ஒன்று போதும். அதைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, காலை ஐந்து முறையும் மாலை ஐந்து முறையும் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முதல் சில வாரம் கைப்பிடியை ஊன்றி எழுவார். ஒரு கையை மட்டும் ஊன்றி எழ முடிகிற நாளில் எண்ணிக்கையை எட்டாகக் கூட்டலாம்.